ஒரே கேள்வித்தாள், இரண்டு பிள்ளைகள்

அத்தியாயம் பதினான்கு

"ஹோம்ஸ்டெட் எஃகு ஆலை வேலைநிறுத்தம். எந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்திரெண்டு."

"கம்பெனி அடியாட்களை எப்படிக் கொண்டு வந்துச்சு?"

"படகுல. ஆத்து வழியா."

"இது யாரு சொன்னது? ஜெரோமா, சிரிலா?"

காப்பி பொங்கி வழியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்னடெட் திரும்பாமலே கேட்டாள். தம்பிக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே குரல். முகத்தைப் பார்த்தால்தான் யார் பேசியது என்று தெரியும்.

"நான்தான்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"திமிரைப் பாரு. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பரீட்சை. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமல் என்ன? போன சனிக்கிழமை கல்லூரியிலிருந்து இரண்டு உறைகள் வந்ததிலிருந்து செட்லாக் வீட்டில் யாருக்கும் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. இரண்டாம் வருடத்தில் ஆண் மாணவர்கள் நூற்று அறுபத்தெட்டுப் பேர். முதல் நூற்றுப் பன்னிரண்டு பேர் படிப்பைத் தொடரலாம். மிச்சப் பெயர்கள் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து எங்கே என்று 1966ஆம் வருடம் யங்ஸ்டவுனில் யாரும் கேட்பதில்லை. எதிர்வீட்டு ஹூடாக் அம்மாளின் மகன் ரேமண்ட், கொடி போர்த்திய பெட்டியில் வியட்நாமிலிருந்து திரும்பி வந்திருந்தான்.

சிரிலின் இடம் நூற்றுப் பன்னிரண்டு. ஜெரோமின் இடம் நூற்றுப் பதின்மூன்று.

பாக்கி இருந்தது ஒரே ஒரு பரீட்சை, அமெரிக்க வரலாறு.

பெர்னடெட் இரண்டு வருடம் துணிக்கடையில் நின்றுவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தவள். அதனால் தம்பிகளோடு ஒரே வகுப்பு. வகுப்பில் அவள்தான் முதல். ஆனால் பெண்களுக்கு அந்தப் பட்டியலே கிடையாது. முதலிடத்தை வைத்துக்கொண்டு அவளால் யாரையும் காப்பாற்ற முடியாது. கேள்வி கேட்கத்தான் முடியும்.

"ஜெரோம், இப்ப நீ சிரிலைக் கேளு."

ஜெரோம் ரொட்டியை மென்றுகொண்டே புத்தகத்தைப் புரட்டினான். "உள்நாட்டுப் போர். அறுபத்திமூணாம் வருஷத்து ஆள்சேர்ப்புச் சட்டம். போக இஷ்டமில்லாதவன் என்ன பண்ணலாம்?"

"முந்நூறு டாலர் கட்டலாம். இல்லைன்னா தனக்குப் பதிலா ஒரு ஆளை அனுப்பலாம்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா வெரோனா குழாயை மூடினாள்.

"பதிலா ஆளா? அப்படிச் சட்டமே இருந்துச்சா?"

"இருந்துச்சு சித்தி. இப்ப இல்ல. இருந்தா இந்தக் குரங்குக்குப் பதிலா நான் போய்ட்டு வந்திருப்பேன். நிம்மதியாத் தூங்கலாம். குறட்டை தாங்கல."

"யாருடா குறட்டை? கட்டில் அதிர்றதே உன்னாலதான்" என்று ஜெரோம் அவன் தலையில் புத்தகத்தால் ஒன்று வைத்தான்.

அம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு துணிக்கூடையைத் தூக்கினாள். "பெர்னி, கொஞ்சம் வெளியே வா. போர்வையைப் பிழியணும்."

போர்வை ஏற்கெனவே பிழிந்துதான் இருந்தது.

கொல்லைப்பக்கம் அம்மா முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தாள். ஆலைப் பக்கமிருந்து வந்தால் துணியெல்லாம் கரி. இன்று காற்று ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இருந்தும் அவள் துணியை எடுக்கவில்லை.

"திங்கக்கிழமை வகுப்புக்கு நீ மட்டும்தானே போனே?"

"நீதானே போகச் சொன்னே. அவனுங்க ரெண்டு பேரும் ரேமண்ட் பெட்டியைத் தூக்கப் போயிட்டாங்க."

"அன்னைக்கு நடத்தின பாடம் பரீட்சைக்கு வருமா?"

"கண்டிப்பா வரும். கடைசி வகுப்புல நடத்தினதைத்தான் அந்தப் புரொபசர் பெரிய கேள்வியா கேப்பாரு. நாப்பது மார்க்."

அம்மா ஒரு தலையணை உறையை உதறினாள். கொடியில் போட்டாள். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். "அந்த நோட்டை ஜெரோம்கிட்ட மட்டும் குடு."

பெர்னடெட்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலெடுத்த துணியைக் கூடையிலேயே போட்டாள்.

"அம்மா, என்ன பேசறே? சிரில்..."

"சிரில் நூத்திப் பன்னெண்டு. இவன் நூத்திப் பதிமூணு. இவனுக்கு முன்னால நிக்கறது அந்த ஒரு ஆள்தான்."

"ரெண்டு பேரும் நூத்திப் பதினோராவது ஆளைத் தாண்டினாலும் போதும்மா. அவனுக்கும் மேல நூறு பேர் இருக்காங்க."

"அந்தப் பையனுங்க நம்ம வீட்டுல இல்ல. அவங்களோட நோட்டு என் கையில இல்ல."

இதைச் சொல்லும்போது அம்மாவின் கண் ஹூடாக் வீட்டு ஜன்னலுக்குப் போயிற்று. பதினோரு வருடமாக சிரிலுக்குத் துவைத்துப்போட்டு, காய்ச்சலுக்கு விழித்திருந்து, பள்ளிக்கூடத்தில் அவனுக்காகச் சண்டை போட்ட அம்மா. பெர்னடெட் அதையெல்லாம் பார்த்தவள்.

"என்னால முடியாது" என்றாள்.

"முடியாதுன்னா விடு" என்று அம்மா சட்டென்று சொன்னாள். சண்டைக்கு நிற்காத அம்மாவைப் பார்த்து அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

துணி காயப்போட்டு முடித்தபோது உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சிரிலு, கண்ணு, உங்க சித்தப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டுப் போயிட்டார்டா. ஆலை கேட்டுல குடுத்துட்டு வந்துடறியா?"

பெர்னடெட் சமையலறைக்குள் வந்தபோது சிரில் இல்லை. ஜெரோமும் இல்லை. மேஜையில் ரொட்டித்தூள் மட்டும் இருந்தது. அவளுடைய பச்சை அட்டை நோட்டு இருந்த இடம் காலி.

"ஜெரோம் எங்கம்மா?"

"சர்ச் ஹாலுக்கு அனுப்பினேன். அங்கே சத்தம் இருக்காது."

"நோட்டு?"

அம்மா மாவைப் பிசைந்தாள்.

ஆலைக்குப் போய்வர இரண்டு பஸ் மாற வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பரீட்சைக்கு முன்னால் சிரிலுக்கு மிஞ்சியிருக்கும் நேரமெல்லாம் பஸ் நிறுத்தத்தில் போய்விடும். அதுவும் டப்பாவை மறந்தாராமே! கல்யாணமான நாளிலிருந்து அப்பா ஒரு நாள்கூட மறந்ததில்லை. காலுறையை மறப்பார், டப்பாவை மறக்கமாட்டார்.

"நீ ஒளிச்சு வச்சியா?"

"பெர்னி, நான் ஹூடாக் அம்மாவோட சர்ச்சுல உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் திறக்கக்கூட விடல. உள்ளே இருக்கறது தன் பிள்ளைதானான்னு அவளுக்குத் தெரியாது. உனக்குப் புரியாது. போ, போய்ப் படி."

பெர்னடெட்டால் உட்கார முடியவில்லை. மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். புத்தகத்தைத் திறந்தாள். ஒரே வரியை நாலு தடவை படித்தாள். ஜெரோம் என் தம்பி. அவன் போனால்? சிரில் போனால்? யாராவது ஒருத்தர் பெயரைச் சொல் என்று யாரோ கழுத்தில் கைவைத்துக் கேட்பதுபோல இருந்தது. கடிகாரம் பத்தரை காட்டியது.

பிறகு அவள் யோசிப்பதை நிறுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு வாசல் வழியே இறங்கி ஓடினாள். அம்மா கூப்பிடவில்லை.

ஆலை கேட்டுக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில், திரும்பிப் போக பஸ் வராமல் சிரில் நின்றுகொண்டிருந்தான். டப்பாவைக் கொடுத்தாயிற்று. கையில் புத்தகம்கூட இல்லை. கல்லை உதைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா! நீ எங்க இங்க?"

"பேச நேரமில்ல. வீட்டுக்குப் போகாதே. இங்கேருந்து நேரா காலேஜுக்குப் போறோம். வா."

பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. அவனைப் பின்சீட்டில் தள்ளி உட்காரவைத்து அவளும் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழமை பாடம் உனக்குத் தெரியாது. ஒண்ணொண்ணா சொல்றேன், திருப்பிச் சொல்லு."

சிரில் அவளையே பார்த்தான். "நோட்டு ஜெரோம்கிட்ட இருக்கா?"

அவள் பையைத் திறந்து எதையோ தேடினாள்.

"எனக்குத் தெரியும்க்கா. காலையில ரொட்டிப் பெட்டிக்குப் பின்னாடி டப்பாவைப் பார்த்தேன்."

"பார்த்துட்டுமா போனே? மக்கு!"

"சித்தி கேட்டா எப்படிப் போகாம இருக்கறது? எங்கம்மா என்னை இங்க விட்டுட்டுப் போனப்போ எனக்கு ஒன்பது வயசு. ஜெரோம் தட்டுல எத்தனை துண்டு இறைச்சி இருந்துச்சோ, என் தட்டுலயும் அத்தனை இருந்துச்சு. ஒரு நாளாவது குறைஞ்சதில்ல."

"அதுக்காக? எழுதாம விட்டுடலாம்னு இருக்கியா?"

"யோசிச்சேன்."

"அறைஞ்சிடுவேன். அவன் ஜெயிச்சா அவனா ஜெயிக்கட்டும். நீ விட்டுக்குடுத்து ஜெயிக்க அவன் ஒண்ணும் பச்சைக் குழந்தை இல்ல. சொல்லு. தொழிற்சங்கம் வைக்கலாம்னு உரிமை குடுத்த சட்டம், எந்த வருஷம்?"

சிரில் வெளியே பார்த்தான். பஸ் பாலத்தின்மேல் ஏறியது. கீழே ஆறு துருப்பிடித்த நிறத்தில் ஓடியது.

"முப்பத்தஞ்சு" என்றான் கடைசியில்.

"அப்பாடா. எஃகுத் தொழிலாளர் சங்கத்தோட பெரிய கம்பெனி எப்போ கையெழுத்துப் போட்டுச்சு?"

"முப்பத்தி... எட்டு?"

"முப்பத்தேழு, மார்ச். வேலைநிறுத்தமே இல்லாம. சின்னக் கம்பெனிங்க?"

"மாட்டேன்னாங்க. அதனால வேலைநிறுத்தம். ஜூலையில."

"மே மாசம்ப்பா" என்றது முன்சீட்டிலிருந்து ஒரு குரல். கூடை நிறைய முட்டைக்கோஸ் வைத்திருந்த ஒரு பெண்மணி, தலைக்குட்டையோடு திரும்பினாள். "மே மாசக் கடைசி. இதே ஊர்லதான். நான் ஆலை ரெண்டாம் கேட்டுல வேலைநிறுத்தக்காரங்களுக்கு சூப் ஊத்திக்கிட்டிருந்தேன். இந்த முழங்கைத் தழும்பு அப்போ வந்ததுதான்."

"நன்றிம்மா" என்றான் சிரில், பரீட்சை மேற்பார்வையாளரிடம் பேசுவதுபோல.

"என்ன பரீட்சையா? அதைப்பத்தியெல்லாம்கூடக் கேக்கறாங்களா? கண்ணீர்ப்புகையை எழுதுப்பா. எல்லாரும் அதை விட்டுடுவாங்க."

பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் கேட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டான். கேள்விக்குக் கேள்வி, வருடத்துக்கு வருடம். நீதிமன்றம் என்ன சொன்னது, முதலாளிகள் ஏன் மறுத்தார்கள், போர் வந்ததும் எப்படி வழிக்கு வந்தார்கள். இரண்டாவது பஸ் பாதி வழியில் மக்கர் பண்ணி நின்றது. கடைசி ஒன்றரை மைல் நடந்துகொண்டே கேட்டாள், நடந்துகொண்டே சொன்னான். மணி அடிக்கும்போது இருவரும் மூச்சு வாங்கக் கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

ஜெரோம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேற்பார்வையாளர் மேஜையைத் தட்டினார். உட்கார்ந்துவிட்டான்.

கடைசிக் கேள்வியைப் பெர்னடெட் முதலில் படித்தாள். 'முப்பதுகளில் எஃகுத் தொழிலாளர் உரிமைகள் பற்றி ஒரு கட்டுரை வரைக. நாற்பது மதிப்பெண்கள்.'

சிரிலின் பேனா நிற்காமல் ஓடியது. ஆனால் ஜெரோம்? ஒரு மணி நேரம் வேகமாக எழுதினான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். மறந்துவிட்டதா? பெர்னடெட் அவன் முதுகையே பார்த்தாள். எழுதுடா, எழுதுடா. நேரம் முடிய அரைமணி இருக்கும்போதே அவன் எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். பச்சை நோட்டு மடியில்.

"என்னடா ஆச்சு? கடைசிக் கேள்வி?" பெர்னடெட்டின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"எழுதல."

"தெரியலையா?"

"எல்லாம் தெரியும். சர்ச் ஹால்ல நோட்டைத் திறந்தேன். திங்கக்கிழமை தேதியைப் பார்த்தேன். சிரில் இதைப் படிக்கலையேன்னு வீட்டுக்கு ஓடினேன். நீ இல்ல, அவன் இல்ல. ஆலைக்குப் போயிருக்கான்னு அம்மா சொன்னாங்க. சொன்ன விதத்துலயே எனக்குப் புரிஞ்சு போச்சு." அவன் நோட்டை அவளிடம் நீட்டினான். "அவனுக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம். மத்ததுல யார் ஜெயிக்கிறோமோ ஜெயிக்கட்டும். என்ன சிரிலு, சரிதானே? உனக்கும் அந்தக் கேள்வி போச்சு, எனக்கும் போச்சு."

சிரில் ஒரு படி இறங்கி அவன் முன்னால் நின்றான்.

"நான் எழுதிட்டேன்டா" என்றான். "ஆறு பக்கம். அக்கா பஸ்ல சொல்லிக் குடுத்தா."

ஜெரோம் பெர்னடெட்டைப் பார்த்தான். கோபமில்லை. கணக்கு ஒன்று தப்பிப்போனவன்போல விழித்தான். பிறகு சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"யார்ரா உன்னைக் கேட்டா?" சிரில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "பெரிய தியாகி! யார் கேட்டா உன்னை?"

"விடுடா."

"உள்ளே போடா, போய்ச் சொல்லு. உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு சொல்லு. தாளைத் திரும்பக் குடுப்பாரு!"

"குடுக்கமாட்டாரு. சட்டையை விடு, இருக்கறதே நல்ல சட்டை இது ஒண்ணுதான்."

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் வேறு வேறு சீட்டில்.

நான் ஓடாமல் இருந்திருந்தால், என்று பெர்னடெட் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நான் சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தால், இருவருமே எழுதாமல், இருவரும் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார்கள். அப்படியானாலும் இருவருக்கும் நடுவில் அந்த நூற்றுப் பன்னிரண்டு என்ற கோடுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எண்ணம் இடித்தது.

ஐந்து மணிக்கு அம்மா மேஜையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் வாசனை. ஜெரோமின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு சித்தி" என்று சிரில் முந்திக்கொண்டான். "ஜெரோம் பிரமாதமா எழுதியிருக்கான். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல."

அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. கையிலிருந்த தட்டை வைத்தாள். சிரிலின் கன்னத்தைத் தொட நீட்டிய கை பாதியிலேயே நின்றது. சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்து ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான்டா. நான்தான் டப்பாவை..."

"தெரியும் சித்தி. அழாதீங்க."

"அம்மா, அவன் பொய் சொல்றான்" என்றான் ஜெரோம். "எழுதினது அவன். எழுதாதவன் நான்."

ஏப்ரன் கீழே இறங்கியது. அம்மா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். இரண்டிலும் விடை கிடைக்கவில்லை.

"பெர்னி. நீ சொல்லு."

பெர்னடெட் கதவுக்கருகிலேயே நின்றாள். "சிரில்தான்மா எழுதினான். நான் ஓடிப்போய்ச் சொல்லிக் குடுத்தேன். அவனுக்குத் தெரியாதுன்னு நினைச்சு, ஜெரோம் வேணும்னே எழுதல."

அடுப்பில் வாணலி சீறியது. யாரும் அதைப் போய்ப் பார்க்கவில்லை. அம்மா கத்துவாள், அறைவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பெர்னடெட் காத்திருந்தாள். அம்மா இரண்டு பையன்களையும் நீண்ட நேரம் பார்த்தாள். இருவரும் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு வந்ததுபோல ஒட்டி நின்றார்கள்.

"மார்க் எப்போ ஒட்டுவாங்க?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"வெள்ளிக்கிழமை."

வெளியே படியில் கனமான பூட்ஸ் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா ஸ்டெஃபான் உள்ளே வந்தார். கழுத்தெல்லாம் கரி. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான்கு முகங்களையும் பார்த்தார்.

"என்ன, பரீட்சை முடிஞ்சுதா? எப்படி எழுதினீங்கடா?"

ஜெரோம் வாயைத் திறந்தான். சிரில் அவன் காலை மிதித்தான்.

அம்மா எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றாள், திரும்பாமலே. "என் பிள்ளைங்க ரெண்டு பேரும்."

"அப்போ சரி" என்றார் அப்பா. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அவர் நிமிரும்வரை அந்தச் சமையலறையில் யாரும் நகரவில்லை.